எதிர்த்திசையில் ஒரு சுற்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

கார்ப் பந்தய வீடியோ கேம்களில் ஒரே தடத்தைத் திருப்பி ஓடவிட்டு, அதையும் தனித் தடமாகக் கணக்குக் காட்டுகிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? எதிர்த்திசை அவ்வளவு சுவையானது என்றால் நிஜப் பந்தயங்களில் ஏன் அப்படி ஓட்டுவதில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியலை நீட்டிக் காட்டும் ஆசை கேம் நிறுவனங்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஏமாற்று என்ற சொல்லைத் தடத்தின் கண்ணாடிப் பிம்ப வடிவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1996இல் வந்த மரியோ கார்ட் 64 கேமில் உள்ளது போல, அதில் இடம் வலமாகும், அவ்வளவுதான். மேடு மேடாகவே இருக்கும், பிரேக் பிடிக்கும் இடமும் மாறாது. எதிர்த்திசையில் எல்லாமே புரண்டுவிடும்.

ஃபார்முலா 1 பந்தய கேமான எஃப்1 25இல் சில்வர்ஸ்டோன், சான்ட்வோர்ட், ஆஸ்திரியா ஆகிய மூன்று தடங்களையும் திருப்பி ஓட்டலாம். சில்வர்ஸ்டோனை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான திசையில் மேகட்ஸ் வளைவுக்குள் பறந்து வந்து, பெக்கெட்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்து, சாப்பல் தாண்டி ஹேங்கர் நேர்பாதையில் முடுக்குவோம். திருப்பினால், அதே நேர்பாதையில் முழு வேகத்தில் வந்து இறுக்கமான வளைவுகளில் முதலில் விழ வேண்டும். பிறகுதான் பாதை விரிந்து கொடுக்கும். கை பழகியிருந்த தாளம் ஒன்றுகூட உதவாது. ஆஸ்திரியாவில் வேறு சிக்கல். ஏற்றமாக இருந்தது இறக்கமாகிவிடுவதால், முதல் வளைவுக்குச் சரிவில் பிரேக் பிடிக்க வேண்டும். பின்சக்கரங்களில் பாரம் குறைந்து வண்டி நெளியும். என்னைக் கேட்டால், மூன்றில் இதுதான் மிரட்டல்.

நிஜத்தில் ஏன் இல்லை என்கிறீர்கள். அந்தப் பேச்சு எழாமல் இல்லை. 2020இல் சில்வர்ஸ்டோனில் இரண்டு ஃபார்முலா 1 பந்தயங்கள் நடத்த வேண்டி வந்தபோது, ஒன்றைத் திருப்பி ஓட்டலாமா என்று கேட்டார்கள். அந்தத் திசைக்கு உரிமம் இல்லை என்று பதில் வந்தது. தடம் தவறும் கார் எந்தப் பக்கம் பாயும் என்று கணித்துத்தான் சரளைப் பரப்பையும் டயர் தடுப்பையும் அமைக்கிறார்கள். திசையை மாற்றினால் கார் பாயும் இடத்தில் வெறும் சுவர் நிற்கக்கூடும். கேமில் சுவரில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கிவிடலாம்.

பழைய காலத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை. இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் இடஞ்சுழியாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், 1954இல் ட்ரூயிட்ஸ் வளைவைச் சேர்த்து நீட்டியபோது வலஞ்சுழிக்கு மாறினார்கள். இன்றுவரை அதே திசைதான்.