நிலத்தை விற்று வட்டியில் உட்காரலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எனக்கு ஒன்பது மா நிலம், அதாவது சுமார் மூன்று ஏக்கர். வயது 52. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து தண்ணீர் நேரத்துக்கு வந்தால் முதலில் குறுவை நெல், அப்புறம் அதே வயலில் தாளடி நெல். நல்ல வருஷத்தில் செலவு போக 1,70,000 ரூபாய் நிற்கும். இரண்டு கறவை மாடு. பாலில் மாதம் 5,000. வீட்டுச் செலவு மாதம் 11,000. கடன் கிடையாது. மிச்சம் பிடித்த 2,40,000 ரூபாய் நெல் கொட்டும் பத்தாயத்துக்குள் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. சைக்கிளில்தான் வயலுக்குப் போகிறேன். படுத்தால் தூக்கம் வருகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன், “மா 4 லட்சத்துக்குக் கேட்கிறாங்க, வித்து பேங்குல போட்டுட்டு உட்காருங்கப்பா” என்கிறான். சொந்தக்காரர்கள், ஒரு மாடி வீடு கட்டத் துப்பில்லை என்று பேசுகிறார்கள். நான் பிழைக்கத் தெரியாதவனா?

பதில்: ஐயா, மாடி வீடு கட்டியவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள், தூக்கம் வரவில்லை என்று. அதனால் அந்தப் பேச்சை விடுங்கள். மகன் சொல்வதை மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒன்பது மா, 36 லட்சம். கிராமத்து விளைநிலம் என்றால் விற்ற லாபத்துக்கு வருமான வரியும் இல்லை. 7 சதவீத வட்டி என்று வைத்தால் வருஷம் 2,52,000. நிலம் தருவது, அதுவும் நல்ல வருஷத்தில், 1,70,000. தாளில் மகன் ஜெயித்துவிட்டார்.

ஆனால் வீட்டுக்கு எடுத்துவைக்கும் நெல்லையும் மாட்டுக்குப் போடும் வைக்கோலையும் நீங்கள் கணக்கிலேயே எழுதவில்லை. நிலம் போனால் இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் செலவு இரண்டு மடங்காகும். உங்கள் 64-ஆவது வயதில் இதே சாப்பாடு, இதே சைக்கிளுக்கு மாதம் 22,000, வருஷத்துக்கு 2,64,000 வேண்டும். வட்டியோ அதே 2,52,000-ல் நிற்கும்; குறையவும் செய்யலாம். நெல் அப்படி நிற்கவில்லை. சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2014-15-ல் குவிண்டாலுக்கு 1,360 ரூபாய், 2024-25-ல் 2,300. கூலியும் உரமும் அதைவிட வேகமாக ஏறியதே என்பீர்கள்; தெரியும். இருந்தாலும் விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிற வருமானம் ஒன்று கையில் இருக்கிறது. இன்னொன்று, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு. முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் 36 லட்சத்தை எட்டு வங்கிகளில் பிரித்துப் போட வேண்டும்.

நிலத்தை விற்க வேண்டாம்.

உங்கள் பெரிய சொத்து அந்த 11,000-தான். 66,000 ரூபாய் இருந்தால் உங்கள் வீடு ஆறு மாதம் ஓடும். மாதம் 50,000 செலவு செய்கிற சொந்தக்காரருக்கு அதே ஆறு மாதத்துக்கு 3 லட்சம் வேண்டும்.

இத்தோடு முடித்தால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் கடிதத்தில் எனக்கு உறுத்துவது வேறு. என் சித்தப்பாவும் இப்படித்தான். விடியலில் மண்வெட்டியோடு போனால் மடை பார்த்து, வரப்பு அண்டை வெட்டி, வெயில் ஏறித்தான் வீடு திரும்புவார். அவ்வளவு சந்தோஷமான மனிதரை நான் பார்த்ததில்லை. 61 வயதில் வரப்பிலிருந்து வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. சித்தியின் நகை அடகுக்குப் போனது, நிலம் வாய்வார்த்தைக் குத்தகைக்குப் போனது. அவர் மூன்று வருஷம் திண்ணையில் உட்கார்ந்து, ஆறு தூர் வாருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எளிமையாக வாழ்ந்தார், சரி. உடம்பு ஓயும் நாளுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கவில்லை. உங்கள் மகன் பயப்படுவது இதற்குத்தான். சொல்லத் தெரியாமல் விற்கச் சொல்கிறார்.

முதலில் டப்பாவை வெளியே எடுங்கள். 66,000 சேமிப்புக் கணக்கில், அவசரத்துக்கு. சாகுபடிக்குக் கைக்காசைப் போடாதீர்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. கடன் என்றாலே கூசுகிறவர் என்று தெரிகிறது, இந்த ஒன்றில் கூச வேண்டாம். தாளடிக்குப் பயிர்க் காப்பீடும் எடுங்கள், காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் பிரீமியம். கடைசித் தேதிக்குக் காத்திருக்காமல் கட்டிவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த ராத்திரி பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், நீங்கள் தாண்டுகிறீர்கள். அதனால் உங்களுக்கும் மனைவிக்கும் சேர்த்து தனி மருத்துவக் காப்பீடு இந்த வருஷமே எடுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருஷம்வரை காத்திருக்கச் சொல்வார்கள், தள்ளிப்போட்டால் அந்தக் காலமும் தள்ளிப்போகும். விபத்துக்கு வருஷம் 20 ரூபாயில் 2 லட்சத்துக்கான பிரதமர் திட்டம், 70 வயதுவரை உண்டு. வருஷம் 436 ரூபாய் கட்டும் பிரதமர் ஆயுள் காப்பீட்டில் சேரும் வயது 50-ஓடு முடிகிறது. உங்களுக்கு இல்லை, மனைவிக்கு வயதிருந்தால் அவருக்கு எடுங்கள்.

மீதியில் தபால் நிலையத்தில் ஒரு பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு. பதினைந்து வருஷம், முடியும்போது உங்களுக்கு 67, 68 இருக்கும். அறுவடைக் காசு வந்த கையோடு வருஷம் 40,000 அதில் போடுங்கள். தண்ணீர் வராத வருஷம் 500 ரூபாய் போட்டாலும் கணக்கு உயிரோடிருக்கும்.

கணக்குத் தொடங்கப் போகும்போது மனைவியையும் கூட்டிப்போய் நாமினியாகப் போடுங்கள். பத்தாயத்தில் டப்பா இருப்பது அவருக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை.