கான்ட்ராக்டரிடம் இன்சூரன்ஸ் கேட்டால் தப்பா?

கேள்வி: சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள சுவரை இடித்துவிட்டு, மாடியில் ஓர் அறை கட்டப் போகிறோம். கான்ட்ராக்டர் என் கணவரின் நண்பருக்கு வேண்டியவர். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் இருக்கும்மா, கவலையே படாதீங்க" என்று ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேற்கொண்டு கேட்டால் அவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்கிறார் கணவர். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், சகோதரி. அவர் நல்லவரா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நேர்மையான கான்ட்ராக்டரின் ஆளும் சாரத்திலிருந்து விழலாம். கைதேர்ந்த பிளம்பர் பூட்டிய குழாயும் ராத்திரியில் கழன்று பக்கத்து வீட்டுச் சுவரை ஊற வைக்கலாம். அப்போது பணம் யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

"எல்லாம் இருக்கு" என்பது பதிலே இல்லை. அவருடைய வண்டிக்கு எடுத்த பாலிசியும் இன்சூரன்ஸ்தான். உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, வேலையின்போது உங்கள் வீட்டுக்கோ அக்கம்பக்கத்தாருக்கோ சேதம் வந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு. மற்றொன்று, வேலை செய்யும் ஆட்களுக்கு அடிபட்டால் சிகிச்சைச் செலவும் இழந்த கூலியும் தரும் தொழிலாளர் காப்பீடு. முதலாவது இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பாலிசியில் கான்ட்ராக்டரின் சொந்த ஆட்களுக்கு ஏற்படும் காயம் பெரும்பாலும் சேராது.

என்னைக் கேட்டால், இரண்டாவதைத்தான் முதலில் கேட்பேன். உங்கள் வீட்டுச் சுவரை இடிக்க வருபவர் முதுகெலும்பு முறிந்து படுத்துவிட்டால் அவர் குடும்பம் என்ன செய்யும்? காப்பீடு இல்லாவிட்டால் அந்தச் சுமை அவர்கள் தலையில்தான் விழும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்றாலும், வேலை கொடுத்தவர் என்ற முறையில் வீட்டுக்காரர் வரைக்கும் பொறுப்பு வர வாய்ப்புண்டு. இடிக்க வருபவர்கள், வயரிங் செய்பவர்கள் எல்லாரும் இவருடைய சொந்த ஆட்கள்தானா, அல்லது வேலையை வேறொருவருக்குக் கைமாற்றி விடுகிறாரா என்றும் கேளுங்கள். கைமாற்றினால் அந்த ஆட்கள் யாருடைய பாலிசியில் வருகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். கான்ட்ராக்டரே சாரத்தில் ஏறி வேலை செய்பவரானால் அவருக்கும் காப்பு உண்டா என்று பாருங்கள். சில பாலிசிகளில் கூலியாட்கள் இருப்பார்கள், முதலாளி இருக்கமாட்டார்.

இனி, அவர் அனுப்பிய அந்தப் படம். அது இன்சூரன்ஸ் சான்றிதழாகவே இருந்தாலும், சான்றிதழ் என்பது அது கொடுக்கப்பட்ட நாளின் நிலவரத்தை மட்டுமே சொல்லும். அடுத்த மாதம் பிரீமியம் கட்டாமல் பாலிசி நின்றுபோனாலும் அந்தத் தாள் அப்படியேதான் இருக்கும். அதனால் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமே கேட்பதுதான் வழி. தாளில் அச்சடித்த தொலைபேசி எண்ணை நம்பாமல், நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எண்ணை எடுத்து, பாலிசி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இப்போது நடப்பில் இருக்கிறதா, உங்கள் வேலை முடியும் தேதி வரை வருமா, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவரின் பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் ஒன்றுதானா? மூன்றாம் நபரிடம் விவரம் சொல்ல மாட்டோம் என்று அவர்கள் மறுத்தால், நிறுவனத்திலிருந்தோ ஏஜென்டிடமிருந்தோ சான்றிதழ் நேராக உங்களுக்கே வரும்படி கான்ட்ராக்டரைச் செய்யச் சொல்லுங்கள்.

பாலிசியில் எந்தத் தொழில் எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பெயின்ட் வேலைக்கு எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு பாரம் தாங்கும் சுவரை இடித்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செய்யும் வேலை, வெல்டிங்கால் வரும் தீ போன்றவற்றை விலக்கி வைத்த பாலிசிகளும் உண்டு. மாடியில் அறை கட்டும் உங்களுக்கு இவை முக்கியம். காப்புத் தொகை ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். வேறு இடத்து விபத்தில் ஆண்டுத் தொகை ஏற்கெனவே கரைந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் மனத்தில் இருக்கட்டும். டைல்ஸ் கோணலாகப் பதித்தார், பூச்சு உதிர்கிறது என்பதற்கெல்லாம் இந்தக் காப்பீடுகள் பொதுவாக வராது. அதற்கு ஒப்பந்தமும், வேலை நடக்க நடக்கப் பணம் கொடுப்பதும்தான் காவல்.

உங்கள் சொந்த வீட்டுக் காப்பீடு இருந்தால், சுவர் இடிக்கும் முன்பே அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கட்டடத்தை மாற்றுவதற்கும், வேலை முடியும்வரை வீட்டைப் பூட்டிவிட்டு வேறிடம் போவதற்கும் பல பாலிசிகளில் நிபந்தனை இருக்கும். இறக்கி வைத்த பொருள் களவுபோனாலோ பாதி கட்டிய சுவர் சரிந்தாலோ யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கணவரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. அவரையே பேசச் சொல்லுங்கள்: "இன்சூரன்ஸ் சான்றிதழை ஒப்பந்தத்தோடு சேர்த்து வைக்க வேண்டும், அதை எங்களுக்கு நேராக அனுப்பும்படி உங்கள் ஏஜென்டிடம் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். முறையாகத் தொழில் செய்பவர் இதற்குக் கோபப்படமாட்டார். நாளை, நாளை மறுநாள் என்று இழுத்தடித்தால், சான்றிதழ் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நண்பருக்கு வேண்டியவராகவே இருந்தாலும் சரி.