ஒரு நிமிடக் காட்சிக்கு ஏன் இத்தனை அழுகை?

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 36 வயது. இதை எழுதவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் வந்த ‘ஆண்டோர்’ தொடரை நானும் என் கணவரும் சேர்ந்து பார்த்தோம். 2022-ல் முதல் சீசன், 2025-ல் இரண்டாவது, மொத்தம் 24 எபிசோட். தன் பிழைப்பைத் தவிர வேறெதையும் யோசிக்காத ஒரு திருடன் எப்படிப் புரட்சிக்காரனாகிறான் என்பதுதான் கதை. அந்தக் காசியன் ஆண்டோர் சாகப்போகிறான் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். 2016-ல் வந்த ‘ரோக் ஒன்’ படத்திலேயே அவன் இறந்துவிட்டான். தொடர் அதற்கு முந்தைய கதை. அதனால் அதிர்ச்சி என்று எதுவும் இல்லை.

கடைசி எபிசோடில் அவன் விண்கலத்தை நோக்கி நடந்து போகிறான். நான் அழவில்லை. அப்புறம் கடைசிக் காட்சி. அவனைவிட்டு முன்பே பிரிந்துபோன அவன் காதலி பிக்ஸ், தானிய வயலில், கையில் ஒரு குழந்தையோடு நிற்கிறாள். அப்படி ஒரு குழந்தை இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான், மூச்சு முட்டும் அளவுக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் திரை சுருங்கி, மூலையில் வேறேதோ நிகழ்ச்சி தொடங்க நொடிகள் ஓட ஆரம்பித்தன. அதை நிறுத்த ரிமோட்டைத் தேடித் தலையணைகளைத் தூக்கிப் போட்டேன். கணவர் சிரித்துவிட்டார். “இதுக்கா இப்படி?”

இருபது நாளாகிறது. ராத்திரி அவர் தூங்கிய பிறகு போனில் அந்தக் கடைசி நிமிடத்தை மட்டும், சத்தம் வைக்காமல் பார்க்கிறேன். வேலை, வீடு, தூக்கம் எல்லாம் வழக்கம்போலத்தான். கற்பனைப் பாத்திரத்துக்காக இப்படி அழுவது மனநோயா?

குடும்ப விவரமும் எழுதச் சொல்லியிருந்தீர்கள். அம்மா இருக்கிறார். அப்பா, நான் அம்மா வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது விபத்தில் போய்விட்டார். பார்த்ததே இல்லை என்பதால் அந்தக் குறை எனக்குத் தெரிந்ததில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மனநோய் இல்லை. திரையில் தெரிபவர்களோடு நாம் வளர்த்துக்கொள்ளும் ஒருதலை உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே எழுதிவிட்டார்கள். 2004-ல் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடர் முடிந்தபோது அதைப் பார்த்தவர்களிடம் ஓர் ஆய்வே நடந்தது. நிஜ உறவு முறியும்போது வரும் அளவுக்கு இல்லையென்றாலும், வருத்தம் இருக்கத்தான் செய்தது. பிடித்த பாத்திரத்தோடு ஒட்டுதல் கூடக்கூட அதுவும் கூடியது.

இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்களுக்கு இது பொருந்தவில்லை. ஒட்டுதல் காசியனோடு என்றால், அவன் நடந்து போகும்போதே கண் கலங்கியிருக்க வேண்டும். நீங்கள் அழுதது சில நொடிகள் மட்டுமே வரும் ஒரு குழந்தையைப் பார்த்து. அதோடு பழக உங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை.

கடிதத்தின் கடைசிப் பத்தியை, படிவம் நிரப்புவதுபோல எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு கச்சிதமாக ஒன்றோடொன்று பொருந்தினால் என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு குஷி வந்துவிடும்; அதனாலேயே எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. ஆகவே இதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சரியா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த கென்னத் டோக்கா 1989-ல், உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்ற ஒன்றைப் பற்றி எழுதினார். இழப்பு நிஜம். ஆனால் “இதற்கு அழ உனக்கு என்ன இருக்கிறது?” என்ற கேள்வி, யாரும் வாய்விட்டுக் கேட்காமலே சுற்றி நிற்கும். முகமே தெரியாத அப்பாவுக்காக ஒரு மகள் என்றைக்கு அழுவது? வீட்டில் துக்கம் முழுவதும் அம்மாவுடையதாக இருந்திருக்கலாம். அவர் முகம் வாடாமல் பார்த்துக்கொள்ளும் பிள்ளையாக நீங்கள் வளர்ந்திருக்கலாம். குறை தெரியவில்லை என்கிறீர்கள். குறை என்று சொல்ல இடமில்லாமல் போயிருக்கவும் கூடும்.

கணவர் சிரித்ததைப் பெரிதுபடுத்த வேண்டாம். அவர் பார்த்தது தொடரின் முடிவை மட்டும். ஒரு நாள் அந்த நிமிடத்தை அவரோடு, சத்தத்தோடு பாருங்கள். பார்த்துவிட்டு, நீங்கள் எந்த இடத்தில் உடைந்தீர்கள் என்று சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வேலையில் கை ஓடாமல் இரண்டு வாரம் போனால் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

இன்னொன்று. அந்தக் காட்சிக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது; நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. காசியனுக்குக் குழந்தை இருப்பது தெரியாது. ஆனால் நீங்கள் வரப்போகிறீர்கள் என்பது உங்கள் அப்பாவுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். சில மாதங்களாவது அவர் உங்களுக்காகக் காத்திருந்திருப்பார். அப்போது அவர் என்ன பேசினார், என்ன பெயரெல்லாம் யோசித்தார் என்பதை அநேகமாக உங்கள் அம்மா ஒருவரிடம்தான் கேட்க முடியும்.

கேளுங்கள். ஆனால் “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று ஆரம்பிக்காதீர்கள். அவ்வளவு பெரிய கேள்விக்கு “நல்லவர்” என்பதோடு பதில் முடிந்துவிடும். “நான் வயிற்றில் இருப்பது தெரிந்த அன்று அப்பா என்ன செய்தார்?” என்று கேட்டுப் பாருங்கள். போனில் வேண்டாம். இருவர் கையிலும் ஏதாவது வேலை இருக்கும்போது, முகத்தை முகம் பார்க்கத் தேவையில்லாத நேரமாகக் கேளுங்கள். அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாலு நாள் கழித்து அவரே ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
ஆலோசகர்