கடன் கையெழுத்தாகியும் பணம் வரவில்லை: இரு நாட்டு மின்தடம்

இரு நாட்டு மின்தடத்துக்கான கடன் கையெழுத்தாகி, நாடாளுமன்றமும் ஒப்புதல் தந்த பிறகும் பணம் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். உங்கள் நாடாளுமன்ற ஒப்புதல் மட்டும் போதாது. கையெழுத்து வேறு, கடன் அமலுக்கு வருவது வேறு. இரு நாட்டு மின்தடத்தில் ஒரு நாட்டின் கடன் அமலாவது மற்ற நாட்டின் கடனோடு பிணைக்கப்பட்டிருப்பது வழக்கம்; பக்கத்து நாடு இழுத்தடித்தால் உங்கள் கணக்கும் திறக்காது.

ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது துணைக் கடன் ஒப்பந்தத்தை. கடன் வாங்குவது அரசு, செலவழிப்பது மின் நிறுவனம். நிதி அமைச்சகம் அந்தப் பணத்தை நிறுவனத்துக்கு எந்த வட்டியில், எந்தத் தவணையில் கொடுக்கிறது என்பது கையெழுத்தாகாமல் கிடக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட், லைபீரியா, சியரா லியோன், கினியை இணைக்கும் 225 கிலோவோல்ட் தடத்துக்கு டிரான்ஸ்கோ சி.எல்.எஸ்.ஜி. என்று ஒரே நிறுவனம்தான். அப்போதும் உலக வங்கிக் கடன் நாட்டுக்கு நாடு தனித்தனி.

பார்க்க வேண்டியவை:

1. உலக வங்கி ஒப்பந்தமானால் அமலாக்கப் பிரிவில் உள்ள நிபந்தனைகளும் கெடு தேதியும்.
2. ஒப்பந்தம் சட்டப்படி செல்லும் என்ற அரசு சட்டத்துறையின் கருத்து கடன் தரும் வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததா?
3. அமலுக்கு வந்த பிறகும் பணம் எடுக்கத் தனி நிபந்தனைகள் இருக்கும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை: ஐ.பி.ஆர்.டி. (உலக வங்கிக் குழுமத்தின் கடன் தரும் அமைப்புகளில் ஒன்று) கடனானால், எடுக்காத தொகைக்கும் கட்டணம் ஓடலாம். ஒப்பந்தக்காரரின் விலைப்புள்ளி காலாவதியாகும் தேதியையும் பாருங்கள். நீட்டிக்க மறுத்தால் மறு டெண்டர்தான்.