இட்லி இறங்குது, தண்ணீர் ஏன் புரையேறுது? – விழுங்கும் கோளாறு கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு மாதம். இட்லி இறங்குகிறது, தண்ணீர் குடித்தால்தான் புரையேறுகிறது. எப்படி?

பதில்: மென்று உருட்டி நாக்கால் பின்னே தள்ளும் வரை வாய்க் கட்டம், நம் கட்டுப்பாடு. அப்புறம் தொண்டைக் கட்டம், அது தானாக நடப்பது, ஏறக்குறைய ஒரே நொடி, அதற்குள் குரல்வளை மேலே ஏறி மூச்சுப்பாதை மூடி உணவுக்குழாய் திறந்தாக வேண்டும். தொண்டையில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், ஏறி இறங்குவது தெரியும். பக்கவாதத்தில் பலருக்கு இது தாமதமாகத் தொடங்கும். இட்லி மெதுவாக வரும். தண்ணீரோ மூச்சுப்பாதை மூடுவதற்கு முன்பே ஓடிவிடும். ரசம் சாதம் இன்னும் மோசம், பருக்கையை மெல்லும்போதே ரசம் கீழே போய்விடும். சிலருக்கு நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராது, அதனால் பேரியம் (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து) கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரே வீடியோ தேவைப்படலாம், டாக்டரிடம் கேளுங்கள். படுக்க வைத்து எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: அண்ணாந்து குடித்தால் சுலபமாக இறங்காதா?

பதில்: தலை பின்னால் சாய்ந்தால் தண்ணீர் இன்னும் வேகமாகத் தொண்டைக்கு ஓடும். இவர்களுக்கு வேண்டாம்.

கேள்வி: மறுபடி நான்தான். எங்கள் தாத்தா கடைசி வரை அண்ணாந்துதான் குடித்தார், ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்திருந்ததா? டம்ளரில் எச்சில் படுவதுதான் பிரச்சினை என்றால் அப்பாவுக்குத் தனி டம்ளர் வைத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. முதலில் சப்பாத்தி நெஞ்சில் நின்றது, இப்போது குழைந்த சாதமும் நிற்கிறது.

பதில்: இது தொண்டை தாண்டியபின் வரும் உணவுக்குழாய்க் கட்டம், என் துறை இல்லை. ஆனால் கெட்டியில் தொடங்கி மென்மையானதுக்கும் வந்தால் குழாய் குறுகியிருக்கலாம், புற்றுநோயும் அதற்கு ஒரு காரணம். வாயு என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராமல் இந்த வாரமே குடல் மருத்துவரைப் பாருங்கள், எண்டோஸ்கோப்பி (கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) சொல்வார்.

கேள்வி: அம்மாவுக்குப் பார்க்கின்சன் (நடுக்குவாதம்). சோற்றை வாயிலேயே வைத்துக்கொண்டு பிடிவாதம் செய்கிறார்.

பதில்: பிடிவாதமில்லை. நாக்கு முன்னும் பின்னும் ஆடுகிறது, தள்ள முடியவில்லை. வாய்க் கட்டத்திலேயே சிக்கல். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்து, சிறு கவளமாக, நிமிர்ந்து உட்கார வைத்து. படுக்க வைத்து வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மாமியாருக்குப் பக்கவாதம், தண்ணீர் புரையேறுகிறது.

பதில்: முதல் பதில்.

கேள்வி: தண்ணீர் குடித்தால் இருமல், என்ன செய்யலாம்?

பதில்: முதல் பதில்!

கேள்வி: தாத்தா கேஸ் நான்தான். அண்ணாந்து வேண்டாம் சரி, பாதி சாய்ந்தபடி கொடுக்கலாமா?

பதில்: நிமிர்த்தி உட்கார வையுங்கள், ஸ்பூனில் கொடுங்கள். தாத்தாவை விடுங்கள்.