ஒரு 'ஹோஃப்' குறைகிறது

கேள்வி: என் மருமகன் ஜெர்மனியிலிருந்து வரும்போது 'வில்டிங்கர் ஷார்ட்ஸ்பெர்க்' என்ற வெள்ளை ஒயின் வாங்கி வந்தார். விலை நாலைந்து யூரோதானாம். அங்கே ஏகோன் முல்லர் என்ற குடும்பத்தின் ஒயின் பாட்டில் ஒன்று பல லட்சத்துக்கு ஏலம் போனதாக எங்கோ படித்தேன். அதே மலை, அதே திராட்சை. பரம்பரைப் பெருமை பேசிப் பணக்காரர்களை மொட்டையடிக்கிறார்கள் என்று சொன்னால் தவறா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தவறுதான். அந்த லேபிளை இன்னொரு முறை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். முல்லர் குடும்பத்து பாட்டிலில் இருப்பது 'ஷார்ட்ஸ்ஹோஃப்பெர்கர்'. உங்கள் மருமகன் கொண்டுவந்தது 'ஷார்ட்ஸ்பெர்க்'. நடுவில் ஒரு 'ஹோஃப்' குறைகிறது. லட்சங்கள் போன வழி அதுதான்.

ஷார்ட்ஸ்ஹோஃப்பெர்க் என்பது சார் ஆற்றுப் பக்கம், வில்டிங்கன் ஊரை ஒட்டிய ஒரே ஒரு மலைச் சரிவு. தெற்குப் பார்த்தது, மண்ணைவிடப் பலகைக்கல் சில்லுகள்தான் அதிகம். மொத்தமே சுமார் 28 ஹெக்டேர், நம் கணக்கில் எழுபது ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ட்ரியர் நகரத்து மடம் ஒன்றின் சொத்தாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்து அந்தப் பகுதியைப் பிடித்ததும் மடத்து நிலங்களை அரசு எடுத்துக்கொண்டு விற்றது. 1797இல் ழான் ழாக் கோக் என்பவர் இதை வாங்கினார். அப்புறம் பிள்ளைகளுக்குள் பாகப் பிரிவினை, பெண் கொடுத்த வழியில் முல்லர்கள். இன்று மலையில் அவர்கள் கையில் இருப்பது எட்டு ஹெக்டேர் சொச்சம். மீதி வேறு சிலருக்கு. ட்ரியர் தேவாலயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. முல்லர் வீட்டில் தலைமுறைக்கு ஒரு வாரிசுக்கு ஏகோன் என்றே பெயர் வைக்கிறார்கள். இப்போது நடத்துபவர் நான்காவது ஏகோன்.

உங்கள் வீட்டு 'ஷார்ட்ஸ்பெர்க்' மலையே இல்லை. 1971இல் ஜெர்மனி ஒரு ஒயின் சட்டம் கொண்டுவந்தது. பல ஊர்த் தோட்டங்களை மொத்தமாகக் கட்டி அதற்கு ஒரு பெயர் வைக்கலாம் என்றது. சார் பகுதித் தோட்டங்களுக்கெல்லாம் கிடைத்த பெயர்தான் ஷார்ட்ஸ்பெர்க். எந்த மூலையில் விளைந்த திராட்சையாக இருந்தாலும் அந்தப் பெயரில் விற்கலாம். அது முல்லர்கள் பயன்படுத்தும் 'ரீஸ்லிங்' என்ற வெள்ளைத் திராட்சை வகையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. புகழ்பெற்ற மலையின் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயர் தற்செயலாக அமைந்தது என்று நம்புகிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை. 2021இல்தான் சட்டத்தைத் திருத்தி, இந்த மாதிரிப் பெயர்களுக்கு முன்னால் 'வட்டாரம்' என்று போட வேண்டும் என்றார்கள். ஐம்பது வருடம் கழித்து! ஆக, பெயரைச் சொல்லி மொட்டையடித்தது யார் என்ற உங்கள் கேள்வி நல்ல கேள்விதான். ஆளைத்தான் மாற்றிவிட்டீர்கள்.

சரி, அந்த ஏலம். 2015இல் ட்ரியரில் நடந்தது. 2003ஆம் வருடத்து 'ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸ' ஒரு பாட்டில் 12,000 யூரோவுக்குப் போனது. அன்றைய மதிப்பில் எட்டு லட்சத்துக்கு மேல். பெயரின் பொருள் 'உலர்ந்த மணிகளாகப் பொறுக்கியது'. செடியிலேயே பூசணம் பிடித்த பழம். காலையில் பனிமூட்டம், பகலில் வெயில் என்று பருவம் ஒத்துழைத்தால் அந்தப் பூசணம் தோலைத் துளைக்கும், நீர் வற்றும், பழம் திராட்சை வற்றல் மாதிரி சுருங்கும். மழை வந்தால் அதே பூசணம் வெறும் அழுகல். கொத்தாக அறுக்க முடியாது. மணி மணியாகப் பொறுக்க வேண்டும். பிழிந்தால் சாறு சொட்டும், அவ்வளவுதான். அந்தச் சர்க்கரையில் ஈஸ்டே திணறிப்போய், ஆல்கஹால் ஆறேழு சதவீதத்தோடு நின்றுவிடும். பல வருடங்களில் இந்த ஒயினே கிடையாது. கிடைத்த வருடத்திலும் பாட்டில்களை நூற்றுக்கணக்கில் எண்ணினால் முடிந்தது.

அதற்காக 12,000 யூரோவும் நாக்குக்குக் கொடுத்த விலை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஏலத்தில் வீம்புக்கும் ஒரு பங்கு உண்டு. அதே மலையில், அதே குடும்பம் செய்யும் 'கபினெட்' என்ற எளிய ரக ஒயினின் விலை இதில் சின்னப் பின்னம்தான். அதுவும் மலிவு இல்லை, ஆனால் அதை வாங்க வீட்டை அடமானம் வைக்க வேண்டியதில்லை.

'நீர் குடித்திருக்கிறீரா?' என்று அடுத்த வாரம் கேட்பீர்கள். பத்திரிகை ஆசிரியர் சம்பளம் பற்றி உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மருமகனைக் கோபிக்காதீர்கள். நாலைந்து யூரோ ஒயினுக்கு நாலைந்து யூரோதானே கொடுத்திருக்கிறார்? அடுத்த முறை பாட்டிலில் 'ஹோஃப்' இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், கூடையில் போடும் முன் விலையையும் பார்க்கச் சொல்லுங்கள்.