கப்பல்ல குடும்பத்தோட தங்கறதுக்கு எந்த கேபின்? சேலம் பக்கம் இருந்து வந்த கேள்விகளும் என் பதிலும்

2022 ஜூன்ல கார்டிலியாங்கற சுற்றுலாக் கப்பல் கம்பெனியோட எம்ப்ரெஸ் கப்பல் சென்னைல இருந்து கிளம்ப ஆரம்பிச்சதுல இருந்தே நம்ம ஊர்க்காரங்க கிட்ட இருந்து கப்பல் பத்தின கேள்வி வந்துட்டே இருக்கு, இப்ப சிங்கப்பூர் போறவங்க அங்க இருந்தும் மூணு நாள் நாலு நாள் கப்பல் சேத்துக்கறாங்க. கேபின் புக்கிங் பண்ணித் தர்றது தான் என் வேலை. வர்ற கேள்வில முக்காவாசி கேபின் பத்தி தான், அதுலயும் குழந்தைங்க பெரியவங்க சேந்து போற குடும்பத்துக்கு எது சரியா வரும்னு தான். சிலதுக்கு இங்க பதில் சொல்றேன்.

நாங்க ரெண்டு பேரு, 8 வயசு பையன், 4 வயசு பொண்ணு. நாலு பேருக்கும் ஒரே கேபின் போதுமா, இல்ல ரெண்டு எடுக்கணுமா? – அஸ்தம்பட்டியில் இருந்து

போதும்ங்க, ஆனா நாலாவது ஆள் எங்க படுக்கப் போறாங்கன்னு கேட்டுட்டு எடுங்க. நாலு பேர் கேபின்னு போட்டிருந்தா நாலு கட்டில் இருக்கும்னு நிறைய பேரு நினைச்சுக்கறாங்க. கீழ ரெண்டு கட்டில் தான் இருக்கும், மிச்ச ரெண்டு படுக்கை சுவத்துலயோ சீலிங்லயோ மடிச்சு வெச்சிருப்பாங்க. சாயங்காலம் நீங்க சாப்பிட போன நேரத்துல ரூம் பாய் வந்து அத கீழ இறக்கி விரிப்பு போட்டு ஏணிய மாட்டிட்டு போயிருவாரு, காலைல மறுபடி மடிச்சிருவாரு. ரயில்ல அப்பர் பெர்த் மாதிரி தான், கீழ படுத்திருக்கறவங்க நிமிந்து உக்காந்தா தலை இடிக்கும். 8 வயசு பையன் அதுல ஜாலியா ஏறி படுத்துக்குவான். 4 வயசு பொண்ண மேல படுக்க வெக்காதீங்க, தடுப்பு கம்பி இருந்தாலும் வேண்டாம், ராத்திரி தூக்கக் கலக்கத்துல பாத்ரூம் போகணும்னு இறங்கற வயசு அது.

அதனால புக் பண்றப்பவே "மேல ரெண்டு பெர்த்தா, இல்ல ஒரு சோபா பெட் ஒரு பெர்த்தா"ன்னு கேளுங்க. சோபா பெட் இருக்கறது தான் உங்களுக்கு. ஆனா அத இழுத்து விரிச்சதுக்கு அப்பறம் நடக்க இடமே இருக்காது, ராத்திரி ஒருத்தர தாண்டி தான் இன்னொருத்தர் போகணும், அதுக்கு ரெடியா இருங்க. எம்ப்ரெஸ் 1990ல கட்டின கப்பல், அதுல சாதாரண கேபின் சுமார் 120 சதுர அடி தான், அதாவது 10க்கு 12 ரூம், பாத்ரூமும் அதுக்குள்ளயே. புது கப்பல்ல ஜன்னல் இல்லாத உள்பக்க கேபினே பெரும்பாலும் 150 சதுர அடி பக்கம் வரும், ஃபேமிலி கேபின்னு தனியா விக்கறது அதவிட பெருசு.

விலைல ஒரு விஷயம் பாருங்க. ஒரு கேபின்ல முதல் ரெண்டு பேருக்கு தான் முழு ரேட்டு, மூணாவது நாலாவது ஆளுக்கு நிறைய கம்பெனில கம்மி. ஆனா போர்ட் வரி, டிப்ஸ் எல்லாம் தலைக்கு இவ்வளவுன்னு வரும். அதனால ஒரு பால்கனி கேபின்ல நாலு பேரு, ரெண்டு உள்பக்க கேபின்ல ரெண்டு ரெண்டு பேரு, இந்த ரெண்டுக்கும் கடைசி தொகைய எழுதி வாங்கிப் பாருங்க. சில தேதில பெருசா வித்தியாசம் இருக்காது, அப்ப நான் ரெண்டு கேபின் தான் சொல்லுவேன், ஏன்னா பாத்ரூம் ரெண்டு கிடைக்கும். காலைல நாலு பேரும் கிளம்பி போர்ட்ல இறங்கணும்னா அதோட அருமை தெரியும்.

இன்னொண்ணு, நாலு பேர் கேபின சீக்கிரம் புக் பண்ணுங்க. இடம் காலியா இருந்தாலும் அந்த பகுதி ஆளுங்களுக்கு ஒதுக்கின லைஃப் போட்ல, அதாவது ஆபத்துல தப்பிக்கற படகுல, எண்ணிக்கை முடிஞ்சிட்டா மூணாவது நாலாவது ஆள சேக்க மாட்டாங்க. கைக்குழந்தையும் அதுல ஒரு ஆள் கணக்கு தான்.

அப்பா அம்மா 70 தாண்டிட்டாங்க, தம்பி குடும்பம், எங்க குடும்பம், மொத்தம் எட்டு பேரு. எப்படி பிரிக்கறது? – ஆத்தூரில் இருந்து

மூணு கேபின். அப்பா அம்மாவுக்கு தனியா ஒண்ணு, அது லிஃப்ட்டுக்கு கிட்ட. பெரிய கப்பல்ல நடைபாதை ரொம்ப நீளம், முட்டி வலி இருக்கற அம்மா ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அந்தக் கோடில இருந்து இந்தக் கோடிக்கு நடந்தா ரெண்டாவது நாளே "நான் ரூம்லயே இருக்கேன் நீங்க போயிட்டு வாங்க"ன்னு உக்காந்துருவாங்க. பாத்ரூம் வாசப்படியும் உசரமா இருக்கும், தண்ணி வெளிய வராம இருக்க அப்படி தான் கட்டுவாங்க. படி ஏற கஷ்டம்னா வீல்சேர் போற மாதிரி படி இல்லாம கட்டின கேபின் கொஞ்சம் இருக்கும், நிஜமாவே தேவை இருக்கறவங்களுக்கு தான் தருவாங்க, முன்னாடியே சொல்லி வெக்கணும்.

உங்களுக்கும் தம்பிக்கும் நடுவுல கதவு இருக்கற கனெக்டிங் கேபின் கேளுங்க. பக்கத்து பக்கத்து கேபின் எல்லாத்துலயும் நடுவுல கதவு இருக்காது, டெக் பிளான்ல, அதாவது கப்பலோட ஒவ்வொரு மாடிக்கும் உள்ள வரைபடத்துல, ரெண்டு கேபினுக்கு நடுவுல ஒரு குறி போட்டிருக்கும், அந்த நம்பர தான் எடுக்கணும். அது கிடைக்கலன்னா எதிர் எதிர் கேபின் எடுங்க, அப்பா அம்மாவுக்கு ஜன்னல் வெச்சது, எதுத்தாப்புல உங்களுக்கு உள்பக்கம், செலவும் குறையும். பெரிய பசங்கள தனி கேபின்ல போடணும்னா கம்பெனி ரூல் பாருங்க, பல கம்பெனில ஒவ்வொரு கேபினுக்கும் பேருக்காவது 21 வயசு ஆன ஒருத்தர் வேணும். பேப்பர்ல பெரியவங்க பேர பிரிச்சு போட்டுட்டு, ஏறினதுக்கு அப்பறம் கீழ கவுன்டர்ல சொன்னா கூடுதல் சாவி கார்டு போட்டுத் தருவாங்க.

கேரன்டி ரேட்டுன்னு ஒண்ணு கம்மி விலைக்கு காட்டுவாங்க, எந்த கேபின்னு அவங்களே கடைசில ஒதுக்குவாங்க. தனியா போறவங்களுக்கு, புருஷன் பொண்டாட்டி மட்டும் போறவங்களுக்கு அது ஓகே. எட்டு பேர் குடும்பத்துக்கு வேண்டவே வேண்டாம், அப்பா நாலாவது மாடில நீங்க ஒன்பதாவது மாடில இருப்பீங்க.

அப்பறம் பெரியவங்களுக்காக ஒண்ணு சொல்றேன், கேக்க கூச்சப்படுவாங்க. கப்பல் டாய்லெட்ல நிறைய இடத்துல கழுவ ஹேண்ட் ஷவர் இருக்காது, பேப்பர் தான். பக்கெட்டும் கிடையாது. ஒரு சின்ன மக்கு, இல்ல அமுக்கினா தண்ணி பீய்ச்சற டிராவல் பாட்டில் கொண்டு போங்க.

எங்க பையனுக்கு மலை ஏறி இறங்கறப்பவே வாந்தி. கப்பல் தாங்குவானா? – ஏற்காட்டில் இருந்து

இருபது ஹேர்பின்லயும் வாந்தி எடுக்கற பிள்ளைக்கு கப்பல்லயும் வர வாய்ப்பு அதிகம் தான், மறைக்காம சொல்லிடறேன். காரணம் ஒண்ணே தான், காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு "ஆடறோம்"னு சொல்லுது, கண்ணு முன்னாடி இருக்கற சீட்டையோ சுவத்தையோ பாத்துட்டு "ஆடல"ன்னு சொல்லுது, மூளை குழம்பிப் போயிருது. ஆனா மலை ரோட்ட நாம மாத்த முடியாது, கேபின மாத்தலாம்.

கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கறப்ப ரெண்டு முனையும் தான் ரொம்ப ஆடும், நடுவுல கம்மி. பக்கவாட்டுல சாயறப்ப மேல போக போக ஆட்டம் ஜாஸ்தி. அதனால கப்பலோட நடுப்பகுதி, கீழ் டெக், அதுல ஜன்னல் இருக்கற கேபின். மேல் டெக்குல முன்னாடி இருக்கற கேபின்ல காட்சி நல்லாருக்கும்னு யாராவது சொன்னா உங்க வீட்டுக்கு அது வேண்டாம். குமட்டல் வந்தா போன புடுங்கி வெச்சுட்டு வெளிய கூட்டிட்டு போய் கடலும் வானமும் சேர்ற கோட்ட பாக்க சொல்லுங்க. மாத்திரை டாக்டர கேட்டு அவன் எடைக்கு ஏத்த அளவு வாங்கிக்கோங்க, கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியே குடுக்கணும், வாந்தி ஆரம்பிச்சதுக்கு அப்பறம் குடுத்தா அதுவும் சேந்து வெளிய வந்துரும். அவோமின் மாதிரி மாத்திரைய 2 வயசுக்கு கீழ குடுக்கவே கூடாது, பெரிய பசங்களுக்கும் தூக்கம் வரும்.

எந்த மாசம் போறீங்கங்கறதும் முக்கியம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அரபிக்கடல் கொந்தளிப்பு, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வங்காள விரிகுடால புயல் சீசன். முதல் தடவை போறீங்க, பையனுக்கும் பயம்னா சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு பக்கம் போற கப்பல் எடுங்க, மலாக்கா ஜலசந்தில ரெண்டு பக்கமும் நிலம் இருக்கறதால பொதுவா தண்ணி அமைதியா இருக்கும்.

கைக்குழந்தைக்கு 5 மாசம். கூட்டிட்டு போலாமா? – ஓமலூரில் இருந்து

இப்ப வேண்டாம்ங்க. பெரும்பாலான கம்பெனில குறைஞ்சது 6 மாசம் ஆகியிருக்கணும், தொடர்ந்து பல நாள் நடுக்கடல்லயே போற பயணம்னா 12 மாசம். ஏர்ற அன்னைக்கு உள்ள வயச தான் பாப்பாங்க. போறப்ப தொட்டில் வேணும்னு புக்கிங்லயே எழுத வைங்க, காசு வாங்க மாட்டாங்க, ஆனா எண்ணிக்கை கம்மி. குளிக்க ஷவர் மட்டும் தான் இருக்கும், காத்தடிக்கற சின்ன டப் ஒண்ணு கொண்டு போங்க. டயப்பர் போடற குழந்தைய பொது நீச்சல் குளத்துல விட மாட்டாங்க, கிட்ஸ் கிளப்பும் சாதாரணமா 3 வயசுல இருந்து தான். குழந்தை நல்லா தூங்கணும்னா உள்பக்க கேபின் அருமை, பகல் ஒரு மணிக்கும் லைட்ட அணைச்சா கும்மிருட்டு.

மூணு வயசு வாண்டு வெச்சுக்கிட்டு பால்கனி எடுக்கலாமா? வீட்டுக்காரர் ஆசைப்படறாரு. – மேட்டூரில் இருந்து

குழந்தை தூங்கினதுக்கு அப்பறம் நீங்க ரெண்டு பேரும் வெளிய உக்காந்து பேச ஒரு இடம், அந்த வகைல பால்கனி நல்லது தான். கைப்பிடி குறைஞ்சது ஒரு மீட்டர் உசரம் இருக்கும், கதவும் கனமா இருக்கும், மேல தாழ்ப்பாள் இருக்கற கப்பலும் உண்டு. பயம் கைப்பிடில இல்ல, அங்க கிடக்கற நாற்காலில இருக்கு. மூணு வயசு பிள்ளை நாற்காலிய இழுத்துட்டு போய் ஏறிரும். ரூம்க்கு போனதும் நாற்காலி, டீபாய் எல்லாத்தையும் எடுத்துட்டு போக சொல்லி ரூம் பாய் கிட்ட சொல்லிருங்க, நீங்க உக்காரறப்ப மட்டும் உள்ள இருந்து எடுத்துட்டு போங்க. இத ஒவ்வொரு நாளும் ஞாபகம் வெச்சு பண்ண முடியாதுன்னு தோணுச்சுன்னா திறக்காத கண்ணாடி ஜன்னல் கேபின் எடுங்க, நான் மனசார சொல்றேன், மூணு வயசுக்கு அது தான் நிம்மதி. ஜன்னல் எடுக்கறப்ப லைஃப் போட் மறைக்குதான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

ரைஸ் குக்கர், தட்டுவடை, ஒரு கூடை மாம்பழம் கொண்டு போலாமா? மாமியார் வெளி சாப்பாடு சாப்பிட மாட்டாங்க. – அம்மாபேட்டையில் இருந்து

ரைஸ் குக்கர் ஸ்கேன்லயே மாட்டும், கெட்டில், அயர்ன் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாமே தான். கப்பல்ல தீ தான் பெரிய பயம், அதனால சூடு பண்ற எதையும் கேபின்ல விட மாட்டாங்க. கடைல சீல் பண்ணின தட்டுவடை பாக்கெட், பிஸ்கட், குழந்தை உணவு பரவால்ல. வீட்ல செஞ்ச புளிசாதம் எல்லாம் ஏத்த மாட்டாங்க. மல்கோவாவ வீட்லயே சாப்பிட்டுட்டு கிளம்புங்க, கப்பல்ல ஏத்தினாலும் வெளிநாட்டு போர்ட்ல பழத்தோட இறங்கினா பிடிச்சு வெச்சுக்குவாங்க. மாமியாருக்கு புக்கிங்லயே சைவம்னு பதிவு பண்ணுங்க, முட்டை வேண்டாம், வெங்காயம் பூண்டு வேண்டாம்னா அதையும் தனியா எழுதணும். முதல் நாள் ராத்திரியே ஹெட் வெயிட்டர பாத்து சொல்லிட்டா தயிர் சாதம் கூட ஏற்பாடு பண்ணுவாங்க.

நாலு பேர் துணிமணி அந்த சின்ன ரூம்ல எங்க வெக்கறது? – ஸ்டீல் பிளான்ட் குவார்ட்டர்ஸில் இருந்து

நீங்க இருக்கற ஊருக்கு ஏத்த பதில் தான். கேபின் சுவரு பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி பச்சுன்னு ஒட்டும். ஏழெட்டு வாங்கிட்டு போங்க, ஈர டவல், தொப்பி, பைன்னு எல்லாம் சுவத்துக்கு போயிரும். காலிப் பெட்டிய கட்டிலுக்கு அடில தள்ளிருங்க. பெட்டிய ஏர்றப்ப வாங்கிட்டு சாயங்காலம் தான் கேபினுக்கு கொண்டு வருவாங்க, மாத்திரை, பாஸ்போர்ட், குழந்தைக்கு ஒரு செட் துணி கைப்பைலயே இருக்கட்டும். கடைசி ராத்திரி பெட்டிய வெளிய வெக்க சொல்லுவாங்க, காலைல போட துணி எடுத்து வெச்சீங்களான்னு பாத்துட்டு வைங்க.

ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஏறி காலைல சென்னை போய் அன்னைக்கே கப்பல் ஏறிடலாமா? – சூரமங்கலத்தில் இருந்து

டயத்துக்கு வந்தா தாராளமா ஏறலாம், சென்ட்ரல்ல இருந்து துறைமுகம் பக்கம் தான். ஆனா விடியக்காலைல இறங்கி மதியம் வரைக்கும் குழந்தைங்களோட எங்க உக்காருவீங்க? கப்பல் கிளம்ப ஒரு மணி ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னாடியே கேட்ட மூடிருவாங்க, ரயில் லேட்டுன்னு காத்திருக்க மாட்டாங்க. முதல் நாளே போய் ஒரு ராத்திரி தங்கிட்டு ஏறுங்க.

போன் ரீசார்ஜ், சேஃப்டி, வேற ஏதாவது கவனிக்கணுமா? – மறுபடி ஆத்தூரில் இருந்து

கரை தாண்டினதும் எல்லார் போனையும் ஏரோபிளேன் மோடுல போடுங்க, கப்பலோட சொந்த டவர்ல மாட்டினா பில்லு பயங்கரமா வரும், பசங்க போன நீங்களே வாங்கி போடுங்க. சேஃப்டி டிரில்ல, அதாவது ஆபத்து வந்தா எங்க கூடணும்னு காட்டற ஒத்திகைல, டிமிக்கி குடுக்காதீங்க. 2012ல இத்தாலில கோஸ்டா கன்கார்டியா கவுந்ததுக்கு அப்பறம் ரூல மாத்தி 2015ல இருந்து கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ அத நடத்தியே ஆகணும்னு வெச்சிருக்காங்க. ஏழு சின்ன சத்தம் ஒரு நீள சத்தம், அது தான் ஆபத்து சிக்னல். கேபின்ல குழந்தை சைஸ் லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு அலமாரிய திறந்து பாருங்க, இல்லன்னா அப்பவே கேட்டு வாங்குங்க. உங்க லைஃப் போட் எந்தப் பக்கம்னு பசங்கள கூட்டிட்டு ஒரு தடவை நடந்து காட்டிருங்க, மூணு கேபின்ல இருக்கறவங்களுக்கும் ஒரே இடமான்னு கேட்டுக்கோங்க.